ஏற்காடு அடிவார வெயிலும் பத்து பிட் காணொளியும்

சேலம், நாமக்கல் சமவெளியில் சித்திரை மாத நடுப்பகலில் தரையின் மேல் விழும் வெளிச்சம் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் ஆகும். அதே வேளையில் பத்தடி தள்ளியுள்ள ஓட்டு வீட்டின் நடைக்குள் இருப்பது பெரும்பாலும் 50 லக்ஸைத் தாண்டுவதில்லை. லக்ஸ் என்பது ஒரு பரப்பின் மேல் விழும் ஒளியின் அளவு. அந்தப் பரப்பு திருப்பி அனுப்பும் ஒளியை, அதாவது கண்ணும் கேமராவும் உண்மையில் காணும் பொலிவை, நிட் என்னும் அலகால் அளக்கிறார்கள். மரவள்ளி மாவைத் திரட்டி வெயிலில் காயவைத்திருக்கும் ஜவ்வரிசிக் களம் தன் மேல் விழும் ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பி அனுப்புவதாகக் கொண்டால், அதன் பொலிவு 28,000 நிட்டைத் தாண்டும். ஓட்டு நடைக்குள் சாத்தி வைத்த கரிய மரக்கதவின் பொலிவோ ஒரு நிட்டுக்கும் குறைவு. இரண்டுக்கும் இடையிலான விகிதம் இருபத்தெட்டாயிரத்துக்கு ஒன்று என்ற அளவைக் கடக்கிறது. ஒளி ஒரு மடங்கு கூடுவதை, அதாவது இரட்டிப்பதை, ஒரு ஸ்டாப் என்று எண்ணுவது ஒளிப்பதிவுத் தொழிலின் வழக்கமாதலால், இந்த விகிதத்தைத் தொழில்மொழியில் சொன்னால் சுமார் 15 ஸ்டாப்.

ஒரு காட்சியில் ஒருசேர உள்ள மிகப் பொலிவான பகுதிக்கும் மிக மங்கலான பகுதிக்கும் உள்ள இந்த விகிதமே ஒளிவீச்சு எனப்படுகிறது. நாமக்கல் நகரிலேயே இதன் இரு முனைகளையும் சில நூறு அடி இடைவெளியில் காணலாம். 18 அடி உயர ஆஞ்சநேயர் கூரையின்றித் திறந்த வானத்தின் கீழ் நிற்க, அவர் நோக்கி நிற்கும் நரசிம்மர் மலையைக் குடைந்த குடைவரையின் உள்ளிருட்டில் அமர்ந்திருக்கிறார். வெயிலில் நின்றுவிட்டுக் குடைவரைக்குள் நுழைபவரின் கண் சிறிது நேரம் தடுமாறி, பிறகு இருளுக்குப் பழகிக்கொள்ளும். கேமராவுக்கு அவ்வாறு பழகும் அவகாசம் ஒரே சட்டகத்துக்குள் கிடைப்பதில்லை. சன்னதிக்குள் படமெடுக்க இடமில்லை என்பதால் இந்த எடுத்துக்காட்டு அளவை விளக்குவதற்கு மட்டுமே.

இத்தொடரின் முந்தைய பகுதிகள் கருப்பு வெள்ளைப் படச்சுருளின் காலத்தோடு நின்றன. வண்ணச்சுருள் சேலத்துக்கு வந்த 1950களிலிருந்து, சட்டைப்பையில் உள்ள கைபேசியே உயர் ஒளிவீச்சுக் காணொளியை, தொழில்வழக்கில் எச்.டி.ஆர். வீடியோவை, பதிவு செய்யும் இன்றைய நிலைவரை இப்பகுதி விரிகிறது. இந்த எழுபது ஆண்டுகளைக் கருவிகளின் வரிசையாகச் சொல்வது எளிது என்றாலும், எல்லாக் கருவிகளும் ஏதோ ஒரு பகுதி ஒளியை இழந்தே தீர்ந்தன என்பதால், எதை இழப்பது என்ற முடிவு ஒவ்வொரு காலத்திலும் யார் கையில் இருந்தது என்று கேட்பதே இவ்வரலாற்றுக்குப் பொருத்தமான கேள்வியாகப் படுகிறது.

படச்சுருளின் நடத்தையை முதன்முதலில் கணக்குக்குள் கொண்டுவந்தவர்கள் இங்கிலாந்தில் பணியாற்றிய ஃபெர்டினாண்ட் ஹர்ட்டர், வெரோ டிரிஃபீல்டு ஆகிய இருவர். 1890-இல் அவர்கள் வெளியிட்ட வளைகோடு, சுருளின் மேல் விழுந்த ஒளி கூடக்கூட அதன் கருமை எவ்வாறு கூடுகிறது என்பதைக் காட்டியது. அக்கோட்டின் நடுப்பகுதி நேராகவும், அடிப்பகுதியும் மேற்பகுதியும் வளைந்து தணிந்தும் இருந்தன. மேற்பகுதியின் அந்தத் தணிவு, தொழிலில் தோள் என்று சொல்லப்படுவது, பிற்கால மின்னணுக் கேமராக்களுக்கு வாய்க்காத ஓர் அருங்குணம். ஒளி அளவு மீறிய இடத்தில் சுருள் திடீரென்று கைவிடாமல், வேறுபாட்டைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போகும். ஆகவே வெண்மேகத்தின் விளிம்பும் வெள்ளை வேட்டியின் மடிப்பும் மங்கினாலும் முற்றாக அழிவதில்லை.

திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி. ஆர். சுந்தரம், 1930களின் நடுவில் சேலத்தில் ஏற்காடு மலையடிவாரச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1937-இல் வெளிவந்த சதி அகல்யா அதன் முதல் படம். மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938-இல் இங்கிருந்தே வெளிவந்தது. சென்னைக்கு வெளியே, ஒரே வளாகத்துக்குள் படப்பிடிப்புத் தளம் முதல் பிற பணிகள்வரை அடக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த அந்நிறுவனத்தின் நுழைவு வளைவு இன்றும் ஏற்காடு சாலையில் நிற்கிறது. ஒளிவீச்சின் வரலாற்றில் அந்த வளாகத்துக்கு இடம் கிடைப்பது 1956-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு வெளிவந்த அலிபாபாவும் 40 திருடர்களும் படத்தினால். எம். ஜி. இராமச்சந்திரனும் பானுமதியும் நடித்த அப்படம், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். பெல்ஜியத்தின் கெவர்ட் நிறுவனம் தயாரித்த கேவாகலர் சுருளில் படமாக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கழித்து, 1961-இல், மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டும் இதே நிறுவனத்திலிருந்து வந்தது.

அக்கால வண்ணச்சுருள்கள் ஒளிக்கு மிக மந்தமானவை. அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் 1950-இல் கொண்டுவந்த முதல் வண்ண நெகட்டிவின் வேகம் 16 மட்டுமே. 1952-இல் அதை அடுத்து வந்ததன் வேகம் 25. வேகம் என்பது எவ்வளவு குறைந்த ஒளியில் சுருள் படத்தைப் பிடிக்கும் என்பதைக் குறிக்கும் எண். வேகம் 25 உள்ள சுருளில், நொடிக்கு 24 சட்டகம் ஓட, லென்ஸின் வாயை 2.8 அளவுக்குத் திறந்து வைத்தாலும், நடிகரின் முகத்தின் மேல் 4,000 லக்ஸுக்குக் குறையாத வெளிச்சம் விழ வேண்டியிருந்தது. விளக்குகளின் வெப்பத்தில் ஒப்பனை வழிய நடிகர்கள் நின்றதற்கு இந்தக் கணக்கே காரணம். மூன்று வண்ண அடுக்குகளும் ஒரே சீராக நடந்துகொள்ள வேண்டியிருந்ததால், தாங்கும் ஒளிவீச்சும் கருப்பு வெள்ளையைவிடக் குறுகலாக இருந்தது: நிழல் சற்று ஆழ்ந்தால் நிறம் கெட்டுச் சேறாகும், வெயில் சற்று ஏறினால் முகம் வெளிறும்.

அலிபாபா கதையின் நடுநாயகமே இருண்ட குகையும் அதற்குள் குவிந்த பொன்மணிகளும்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் சுவை புரியும். மந்தமான சுருளில் இருட்டை அப்படியே விட்டுவிட முடியாது. குகை இருட்டாகத் தோன்ற வேண்டுமானால் அதன் சுவர்களுக்கும் போதிய விளக்கு தேவை. அந்த ஒளி முகத்தின் மேல் விழுவதைவிட இரண்டு மூன்று ஸ்டாப் மட்டுமே தாழ்ந்திருக்க வேண்டும். அணிகலன்களின் மினுக்கோ சுருளின் தோளைத் தாண்டாமல் அடங்க வேண்டும். திரையில் காணப்படும் இருள் ஒளிப்பதிவாளர் அளந்து வைத்த இருள். வெளிப்புறக் காட்சிகளில் இதே வேலையைப் புரட்டிச் செய்தார்கள். நடுப்பகல் வெயிலில் நடிகரின் கண்குழியில் விழும் நிழலைத் தூக்குவதற்கு வெள்ளித்தாள் ஒட்டிய ரிஃப்ளெக்டர் பலகைகளைச் சாய்த்துப் பிடித்தார்கள். தலைக்கு மேல் மெல்லிய துணியை விரித்து உச்சி வெயிலைத் தணித்தார்கள். இயன்ற இடத்தில் நடுப்பகலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் எடுத்தார்கள். சுருளின் ஒளிவீச்சை நீட்டும் வழி அவர்களிடம் இல்லை. காட்சியின் ஒளிவீச்சைச் சுருளுக்குள் அடங்கும்படி குறைப்பதே அவர்கள் கற்ற கலை. இழப்பைத் தீர்மானித்தவர் படப்பிடிப்பு இடத்திலேயே, ஒளிமானியைக் கையில் பிடித்து நின்ற ஒரு மனிதர்.

திரையரங்கில் இதன் விளைவு பொலிவாகத் தோன்றியது என்றாலும் அளவில் அது மிகச் சிறியது. இன்றைய டிஜிட்டல் திரையரங்கிலும் திரையின் மிக வெண்மையான பகுதிக்கு வகுக்கப்பட்ட பொலிவு 48 நிட் மட்டுமே. களத்து ஜவ்வரிசியின் 28,000 நிட்டோடு ஒப்பிட்டால் ஐந்நூறில் ஒரு பங்கும் இல்லை. இருட்டறையில் கண் பழகிவிடுவதால் பார்வையாளர் அந்த 48-ஐ வெயில் என்றே ஏற்றுக்கொள்கிறார். நெகட்டிவ் தாங்கிய வேறுபாடு அதிலிருந்து எடுக்கும் காட்சிப்பிரதியில் முழுதாக இறங்குவதும் இல்லை. பழைய படங்களை நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யும்போது, அரங்கில் எவரும் கண்டிராத மேகமும் துணிமடிப்பும் சில வேளைகளில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

காணொளி வந்தபோது நிலை மோசமானது. சிலிக்கான் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழும் ஒளியை எலெக்ட்ரான்களாக மாற்றிச் சேர்த்து வைக்கிறது. சேர்த்து வைக்கும் கொள்ளளவுக்கு ஒரு வரம்பு உண்டு. கொங்குப் பகுதியில் தானியம் அளக்கும் வள்ளத்தைப்போல, நிறைந்த பிறகு எவ்வளவு கொட்டினாலும் வழிந்தோடியது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை. அடியில் நாலைந்து மணி மட்டும் கிடந்தால் அது தானியமா தூசியா என்றும் தெரிவதில்லை. இந்த அடித்தூசிக்கு இரைச்சல் என்று பெயர். நிறையும் அளவை இரைச்சலால் வகுத்தால் கிடைப்பதே சென்சாரின் ஒளிவீச்சு. 6,000 எலெக்ட்ரான் கொள்ளளவும் 2 எலெக்ட்ரான் இரைச்சலும் உள்ள ஒரு சிறிய பிக்சலின் விகிதம் மூவாயிரத்துக்கு ஒன்று, அதாவது பதினொன்றரை ஸ்டாப்புக்குச் சற்று மேல். களத்துக்கும் கதவுக்கும் இடைப்பட்ட 15 ஸ்டாப்புக்கு இது போதாது. சுருளுக்கு இருந்த தோளும் சென்சாருக்கு இல்லை. நிறைந்த கணத்தில் மேலுள்ள அனைத்தும் ஒரே வெள்ளை.

அக்காணொளியைச் சேமிக்கும் முறையும் குறுகலானது. உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்காக 1990-இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்ற பி.டி. 709 தரநிலை, கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சியின் இயல்பையே அடிப்படையாகக் கொண்டது. அக்குழாயில் வெள்ளை என்பது சுமார் 100 நிட். நுகர்வோர் கேமராக்கள் ஒவ்வொரு நிறத்துக்கும் 8 பிட், அதாவது 256 படிகள் மட்டுமே ஒதுக்கின. 1995-இல் டி.வி. என்ற டிஜிட்டல் நாடா வடிவம் வந்து, பிறகு தமிழ்நாட்டின் கல்யாண வீடியோத் தொழிலை ஆண்டபோதும் இதே 256 படிகள்தாம். மண்டபத்துக்குள் ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கைத் தூக்கிப் பிடித்து ஓர் உதவியாளர் கேமராவின் பின்னாலேயே நடந்ததும், முகூர்த்தம் முடிந்து வாசலுக்கு வரும் மணமக்கள் பந்தலுக்கு வெளியே கால் வைத்த உடனே வெளியெல்லாம் வெளுத்துப்போனதும், அக்கால நாடாக்களைப் பார்த்த எவருக்கும் தெரிந்தவை. ஸ்டூடியோக்காரர் வாயில் இது “பர்ன் ஆகிவிட்டது”. ஓமப்புகைக்குப் பின்னால் உட்கார்ந்த மணமகனின் வெண்பட்டு, புவிசார் குறியீடு பெற்ற சேலத்து நெசவாகவே இருந்தாலும், நாடாவில் வெறும் வெள்ளைத்தாளாகவே பதிந்தது.

தீர்வுக்கான சிந்தனை வேறொரு துறையில் முன்பே முளைத்திருந்தது. அணுகுண்டு வெடிப்பைப் படமெடுக்க அமெரிக்காவில் சார்லஸ் வைக்காஃப், வெவ்வேறு வேகமுள்ள அடுக்குகளை ஒரே சுருளில் சேர்த்து, பிரகாசமான நடுவையும் மங்கிய விளிம்பையும் ஒருசேரப் பிடித்தார். ஒரே காட்சியைக் குறைந்த ஒளியிலும் கூடிய ஒளியிலும் பலமுறை எடுத்து ஒன்றாக்கும் கணக்கை, 1995-இல் ஸ்டீவ் மன், ரோசலிண்ட் பிக்கார்ட் இருவரும், 1997-இல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் டிஜிட்டல் படத்துக்கு வகுத்தனர். அசையாத படத்துக்கு இது நன்றாகவே பொருந்தியது. காணொளிக்கு இரண்டு பாதைகள் எஞ்சின. ஒன்று காலத்தைப் பங்கிடுவது: அடுத்தடுத்த சட்டகங்களைக் குறைந்த ஒளியிலும் கூடிய ஒளியிலும் மாறிமாறி எடுப்பது, இம்முறையைச் சிங் பிங் காங் குழுவினர் 2003-இல் செய்து காட்டினர். மற்றொன்று இடத்தைப் பங்கிடுவது: ஒரே சட்டகத்துக்குள் சில பிக்சல்கள் குறைந்த ஒளியையும் சில கூடிய ஒளியையும் வாங்குமாறு அமைப்பது; கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் ஸ்ரீ நாயர், டொமூ மிட்சுநாகாவுடன் சேர்ந்து 2000-இல் இதை முன்வைத்தார்.

காலப் பங்கீட்டின் இடர்ப்பாட்டை நாமக்கல் சாலையில் ஓடும் ஒரு லாரியைக்கொண்டே கணக்கிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. இரு பதிவுகளுக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழிந்தால், அதற்குள் லாரி ஓரடிக்கு மேல் நகர்ந்துவிடும். இரண்டையும் ஒட்டினால் பெயர்ப்பலகையின் எழுத்துகள் இரட்டையாகத் தெரியும், சக்கரத்தைச் சுற்றி ஆவிபோல் ஒரு சாயல் படரும். அசைவைக் கணித்து ஒரு சட்டகத்தை மற்றதன்மேல் சரியாகப் பொருத்தும் கணினித்திறன் அக்காலக் கைக்கருவி எதிலும் இல்லை. இடப் பங்கீட்டிலோ ஆவி பெருமளவு குறையும். மாற்றாக, நிழலிலும் வெயிலிலும் பாதிப் பிக்சல்களே பயன்படுவதால் தெளிவு குறைந்து, சாய்ந்த கோடுகள் சீப்புப் பல்போல் வெட்டுப்படும்.

கைபேசிக்குள் முதலில் நுழைந்தது இந்த இரண்டாம் முறையே. ஒளி வாங்கும் அடுக்கையும் கணக்கிடும் சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சென்சாரை 2012-இல் சோனி அறிவித்தது; பிக்சல் வரிசைகளை இருவேறு நேர அளவுகளில் பதியச் செய்து அங்கேயே ஒன்றாக்கும் வசதி அதில் இருந்தது. 2013-இல் வந்த எக்ஸ்பீரியா இசட் கைபேசி, எச்.டி.ஆர். காணொளியை எடுக்கும் முதல் கைபேசி என்று விளம்பரம் செய்யப்பட்டது இதனால்தான். கேமராப் பக்கத்தில் அதற்கும் முன்பே, கேனான் கேமராக்களின் உள்மென்பொருளின் மேல் தன்னார்வலர்கள் ஏற்றிய மேஜிக் லாண்டர்ன், 2011-இல் மாறிமாறிச் சட்டகம் எடுக்கும் முறையையும், 2013-இல் இரட்டை ஐ.எஸ்.ஓ. என்ற வரிசைப் பங்கீட்டையும் தந்தது. பெருநிறுவனம் வணிகப்பொருளாக விற்றதையும் ஆர்வலர்கள் கேமராவில் பிழை பார்த்துப் பிழை பார்த்துச் செய்ததையும் ஒரே ஆண்டின் பக்கத்தில் காண்பது இவ்வரலாற்றின் இனிய நகைச்சுவை. தொழில்முறைப் படக்கேமராக்களில் 2010-இல் வந்த ஆரி அலெக்சா, ஒரே பிக்சலின் மின்னழுத்தத்தை இருவேறு பெருக்கங்களில் ஒருசேர வாசித்து 14 ஸ்டாப் அளவை எட்டியது. நேரம் இரண்டாகப் பிரியாததால் அதில் ஆவி இல்லை. இக்கொள்கை சிறிய கேமராக்களுக்கு வந்துசேர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

2013-ஆம் ஆண்டுக் கைபேசிகளின் காணொளி பற்றி நினைவில் வைக்க வேண்டியது வேறொன்று. கூடுதலாகப் பிடித்த ஒளியனைத்தும் கடைசியில் அதே 256 படிகளுக்குள், அதே 100 நிட் உலகத்துக்குள் நெருக்கப்பட்டது. இந்நெருக்கலை ஒளிநிலை ஒடுக்கம் எனலாம்: வானத்தை இறக்கி, நிழலை ஏற்றி, இரண்டையும் நடுவில் சந்திக்க வைப்பது. கூகுள் 2013 முதல் நெக்சஸ் கைபேசிகளில் தந்த எச்.டி.ஆர். பிளஸ், ஒரே குறைந்த ஒளி அளவில் பல சட்டகங்களை எடுத்து, அவற்றைக் கூட்டி இரைச்சலைக் குறைத்து, பிறகு ஒடுக்கியது. படங்களுக்கு வந்த இந்நுட்பத்தின் போக்கே பின்னர் காணொளிக்கும் வழிகாட்டியது. ஜவ்வரிசிக் களத்தில் மாவைத் துழாவிக்கொண்டிருக்கும் பெண்ணைப் படமெடுத்தால் இதன் நன்மையும் தீமையும் ஒருங்கே தெரியும். ஒடுக்கம் இல்லாத பழைய கைபேசி, களத்தின் வெண்மையைக் கண்டு ஒளியைக் குறைத்துவிடுவதால் முகம் கரியாகிவிடும். ஒடுக்கம் உள்ள கைபேசி முகத்தைத் தேடிப்பிடித்து ஏற்றும், களத்தின் மணிமணியான பரப்பையும் காப்பாற்றும். ஆனால் முகத்தின் நிழலும் களத்தின் வெயிலும் ஒரே பொலிவுக்கு வந்துவிடுவதால், அந்தப் பெண் நிற்பது தலை பிளக்கும் வெயிலில் என்பதற்கான அடையாளமே படத்தில் எஞ்சுவதில்லை. நடுப்பகல், மேகம் கவிந்த மாலைபோல் ஆகிவிடுகிறது. இழப்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இங்கே ஒளிமானி பிடித்தவரிடமிருந்து கலிபோர்னியாவிலோ சியோலிலோ உட்கார்ந்து ஒடுக்கத்தின் அளவுகளை வகுத்த பொறியாளருக்குக் கைமாறிவிட்டது. அவர் சேலத்து வெயிலைக் கண்டிருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஒடுக்காமல் வைத்துக்கொள்வதற்கு வழி சேமிப்பிலும் காட்சியிலும் திறக்க வேண்டியிருந்தது. டால்பி நிறுவனம் வகுத்த பி.கியூ. என்ற வளைகோடு 2014-இல் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கத்தின் தரநிலையாயிற்று. மனிதக் கண்ணால் பிரித்தறியக்கூடிய மிகச்சிறு வேறுபாடு எவ்வளவு என்ற அளவீட்டின் மேல் அது கட்டப்பட்டதால், 10,000 நிட் வரையிலான பொலிவைப் படிப்படியாகக் கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டோடு குறிக்க முடிந்தது. குறியீட்டின் ஒவ்வோர் எண்ணும் திரையில் இத்தனை நிட் என்ற திட்டமான கட்டளை. பிரிட்டனின் பி.பி.சி.யும் ஜப்பானின் என்.எச்.கே.யும் சேர்ந்து உருவாக்கி 2015-இல் ஜப்பானியத் தரநிலையான எச்.எல்.ஜி. வேறு கொள்கையுடையது: கீழ்ப்பாதியில் பழைய தொலைக்காட்சியின் வளைவையே வைத்துக்கொண்டு, மேல்பாதியில் மட்டும் மடக்கை வளைவுக்கு மாறி, மினுக்குகளுக்கு இடம் ஒதுக்குகிறது. எச்.டி.ஆர். அறியாத பழைய தொலைக்காட்சியிலும் அது பார்க்கத்தக்க படமாகவே விழும் என்பது நேரலை ஒளிபரப்பாளருக்குப் பெரிய வசதி. 2016-இல் பி.டி. 2100 என்ற பன்னாட்டுத் தரநிலை இரண்டையும் ஏற்று, குறைந்தது 10 பிட், அதாவது 1,024 படிகள் வேண்டும் என்றது. விரிந்த வீச்சை 256 படிகளுக்குள் பரப்பினால், மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல் மாலை வானம் சீராக மங்குவதற்குப் பதிலாகப் பட்டை பட்டையாக உடைந்து தெரியும் என்பதே இதற்குக் காரணம்.

அதன்பின் நுகர்வோர் கருவிகள் விரைந்தன. பானசோனிக் ஜி.எச்.5 கேமரா 2017-இல் ஒரு மென்பொருள் மேம்பாட்டின் வழியாக எச்.எல்.ஜி. பதிவைப் பெற்றது. 2018-இல் சோனியின் எக்ஸ்பீரியா எக்ஸ்.இசட்.2 கைபேசியும், 2019-இல் சாம்சங்கின் எஸ்10 வரிசையும் 10 பிட் எச்.டி.ஆர். பதிவைக் கொண்டுவந்தன. 2020 அக்டோபரில் ஐபோன் 12 வரிசை டால்பி விஷன் பதிவைத் தந்தபோது, அதை வாங்கியவர்களில் பலர் தாம் எச்.டி.ஆர். எடுக்கிறோம் என்று அறியாமலேயே எடுத்தனர். ஒரு நுட்பம் பொதுவுடைமையான கணத்துக்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அந்தக் கைபேசியின் அடிப்படைப் பதிவு எச்.எல்.ஜி.தான்; அதன் மேல் சட்டகத்துக்குச் சட்டகம் ஒளிநிலைக் குறிப்புகளை அடுக்குவதே டால்பியின் பங்கு. 2022-இல் கூகுளின் பிக்சல் 7 வரிசையும் 10 பிட் எச்.எல்.ஜி.க்கு வந்தது, அதே ஆண்டு பானசோனிக் ஜி.எச்.6 இரட்டைப் பெருக்க வாசிப்பை இடைநிலை விலைக் கேமராவுக்குக் கொண்டுவந்தது. 2023-இல் ஐபோன் 15 புரோ, ஒடுக்கத்தைக் கைபேசியே செய்யாமல் பின்னர் செய்துகொள்ள விட்டுவிடும் லாக் பதிவையும் தந்தது. லாக் என்பது, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஏறத்தாழச் சம எண்ணிக்கையில் படிகளை ஒதுக்கும் மடக்கைக் குறியீடு. பார்க்க வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தாலும், ஒளியும் நிறமும் அதில் பத்திரமாக இருக்கும். தீர்மானிக்கும் அதிகாரத்தின் ஒரு பகுதி மீண்டும் மனிதர் கைக்கு வந்த இடம் இது என்று கொள்ளலாம், அந்த மனிதர் இப்போது வெயிலில் நிற்பவரல்லர், எடிட்டிங் மேசையில் இருப்பவர் என்ற வேறுபாட்டோடு.

எச்.டி.ஆர். எதைக் கூடுதலாகத் தருகிறது என்பதைச் சேலம் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் இல்லை. மெருகேற்றிய வெள்ளி, விளக்கொளியை எல்லாத் திசையிலும் சிதறடிக்காமல் கண்ணாடிபோல் ஒரே பக்கமாகத் திருப்புகிறது. அதனால் ஒரு சிறு வளைவின் உச்சியில் தோன்றும் மினுக்கு, அருகில் உள்ள வெள்ளைத் துணியைவிடப் பல மடங்கு பொலிவானது. பழைய 256 படிக் காணொளியில் துணியும் மினுக்கும் மேல்விளிம்பில் 255-ஐத் தொட்டு நின்றுவிடும். இரண்டும் ஒன்றானதும் வெள்ளி அலுமினியமாகிவிடும். எச்.டி.ஆர். காணொளியில் துணி சுமார் 200 நிட்டில் அமர, மினுக்கு 1,000 நிட்டுக்குப் போக இடம் உண்டு. கொலுசு அசையும்போது சலங்கை முத்துகள் ஒவ்வொன்றிலும் ஒளி மாறிமாறித் தெறிப்பது தெரியும். களத்தையும் கதவையும் ஒரே படத்தில் காட்டுவதைவிட, இந்தச் சிறு தெறிப்புகளே எச்.டி.ஆர். காட்சியின் உண்மையான பயன். விற்பனை விளம்பரங்கள் பேசும் பொதுப்பொலிவு அதன் நோக்கமன்று.

இந்தப் பயன் பார்வையாளரை அடைவதில் இன்னும் தடை உள்ளது. கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோக்கள் லாக் முறையில் பதிந்தாலும், பென்டிரைவில் கொடுப்பதும் மண்டபத்தின் எல்.இ.டி. திரையில் ஓட்டுவதும் பி.டி. 709-க்கு மாற்றப்பட்ட காணொளியே. எந்த வீட்டுத் தொலைக்காட்சியிலும் தடையின்றி ஓட வேண்டும் என்ற வணிகக் கட்டாயம் அதற்குக் காரணம். உறவினர் கைபேசியில் எடுத்து அனுப்பும் துண்டுகளோ எச்.டி.ஆர். ஆக வருகின்றன. இரண்டையும் ஒரே டைம்லைனில் அப்படியே போட்டால் கைபேசித் துண்டுகள் ஒன்று கண்ணைக் கூசவைக்கும், இல்லையெனில் சாயம் போனதுபோல் வெளிறும். அவற்றை அனுப்பிய வழியிலேயே செயலி மறுசுருக்கம் செய்து 8 பிட்டாக்கியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். இதற்கான ஒழுங்கை பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.டி. 2408 அறிக்கை வகுத்துள்ளது. சாதாரண வெள்ளைப் பரப்பு, அதாவது வேட்டி, சுவர், காகிதம் போன்றவை, எச்.டி.ஆர். காட்சியில் 203 நிட்டில் அமைய வேண்டும் என்றும், எச்.எல்.ஜி. குறியீட்டில் அது 75 விழுக்காட்டுக்கு நிகர் என்றும் அது கூறுகிறது. எச்.எல்.ஜி. துண்டை பி.டி. 709-க்கு மாற்றும் எடிட்டர், அந்த 75 விழுக்காட்டைப் பழைய வெள்ளையின் உச்சிக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, அதற்கு மேலுள்ள மினுக்குகளைச் சுருளின் தோளைப்போல் மெல்ல வளைத்து அடக்க வேண்டும். எடிட்டிங் மென்பொருளின் வண்ணவெளி மாற்றக் கருவியில் இது சில நொடி வேலை. வளைவின் தொடக்கத்தை எந்த அளவில் வைப்பது என்பதை மட்டும் கருவி தானாக முடிவு செய்வதில்லை. வெண்பட்டு வேட்டியின் நெசவு தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் அது அமைக்கப்படுகிறது.